எறும்புக்குக் காவல் இருந்தவன்

எங்கள் காம்பவுண்டு பாத்ரூமில் எறும்பைக் கொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. போட்டவன் அழகுமலை. வாடகை வாங்குகிற வீட்டுக்காரர்கூட எங்களுக்கு அப்படியொரு சட்டம் போட்டதில்லை. பினாயில் ஊற்றக் கூடாது, ப்ளீச்சிங் பவுடர் தூவக் கூடாது, எறும்பு சாக்பீஸைக் கண்ணிலேயே காட்டக் கூடாது. "அப்ப நாத்தத்துல கிடந்து சாகவாய்யா?" என்று என் வீட்டுக்காரி மாயக்காள் கேட்டதற்கு, "நான் தேய்ச்சு விடுறேன்க்கா, தெனமும் நானே தேய்ச்சு விடுறேன், மருந்து மட்டும் போட்றாதீங்க" என்றான். சொன்னபடி செய்யவும் செய்தான். காலையில் ஷேர் ஆட்டோவை எடுப்பதற்கு முன்னால் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வெறும் தண்ணீரையும் விளக்கமாற்றையும் வைத்துத் தேய்ப்பான். தேய்ப்பதற்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீர் போகிற ஓட்டையைச் சுற்றித் தரையை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பான். ஒன்றும் இல்லையென்றால்தான் அவனுக்கு அன்றைக்கு மூச்சு வரும்.

அவனியாபுரத்தில் காம்பவுண்டு வீடு எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெரிய கேட், உள்ளே எதிரும் புதிருமாக நாலு வீடு, கடைசியில் எல்லாருக்கும் சேர்த்து ரெண்டு கக்கூஸ், ஒரு பாத்ரூம்; ஒண்ணுக்குப் போவதும் அந்த பாத்ரூமில்தான். குழாயடிச் சண்டை கேட்காத நேரத்தில் தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்கும். என் பெயர் சோணை. பைபாஸ் பக்கம் ஆட்டோ ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறேன். அழகுமலை என் எதிர் வீடு. என்னை அண்ணே என்பான், அவன் பிள்ளைகளுக்கு நான் பெரியப்பா. அவன் வண்டியில் எது கெட்டாலும் என்னிடம்தான் வரும். அவன் மனசில் எது கெட்டாலும் அதுவும் என்னிடம்தான் வரும். வண்டி பரவாயில்லை.

பிறவியிலேயே அவன் பயந்தாங்கொள்ளி இல்லை. அழகர்கோவில் பக்கத்துக் கிராமம் அவனுக்கு. அவன் அப்பன் ஆத்தாள் காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். இவன் ஒருத்தன்தான் டவுனுக்கு வந்து, வாடகை ஆட்டோ ஓட்டி, பிறகு சொந்தமாகவே ஒரு ஷேர் ஆட்டோ வாங்கினான். பெரியார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பாட்டுப் போட்டுக்கொண்டு, உட்கார இடமில்லாத வண்டியில் "இன்னும் ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம்" என்று கூசாமல் சொல்லுவான். போலீஸ் கை காட்டினால் சிரித்துக்கொண்டே நிறுத்துவான். அப்படிப்பட்ட ஆள்தான் பாத்ரூம் தரையைக் குனிந்து பார்க்கிற ஆளாகிப் போனான்.

எல்லாம் அவன் மகள் மீனா விழுந்ததிலிருந்து ஆரம்பித்தது. பாண்டிமீனா என்று முழுப்பெயர். அப்போது ஆறாவது படித்தாள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். "வெயில்ல ஆடுனா அப்படித்தான்" என்றோம். அடிக்கடி பாத்ரூமுக்கு ஓடினாள். "குடிச்ச தண்ணி எங்கிட்டுப் போகும்" என்றோம். கழுத்தெலும்பு தெரிய மெலிந்தாள். "பெரிய மனுசி ஆகப்போற புள்ள, நெட்டுக்கு வளருது" என்று அவள் அம்மா ஜெயக்கொடி சொன்னாள், எங்கள் வீட்டு மாயக்காளும் ஆமாம் போட்டாள். அதே சமயத்தில் பாத்ரூமில் எறும்பு சாரை சாரையாக வந்தது. அழகுமலை கடையில் எறும்பு சாக்பீஸ் வாங்கி வந்து ஓட்டையைச் சுற்றிக் கோடு போட்டான். எறும்பு செத்தது. மறுபடி வந்தது. மறுபடி கோடு போட்டான். கெட்டிக்காரத்தனமாக ஏதோ செய்துவிட்ட மாதிரி எங்களிடம் காட்டவும் செய்தான்.

ஒருநாள் மீனா வாந்தி எடுத்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி, கூப்பிட்டால் முழிக்காமல் கிடந்தாள். பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிட்டு, "ஒண்ணுக்குப் போன இடத்துல எறும்பு மொய்ச்சுதா?" என்று கேட்டார். குத்திக்காட்டக் கேட்கவில்லை, எத்தனை நாளாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சாக்பீஸ் பிடித்த கையை அழகுமலை விரித்துப் பார்த்தான். பிள்ளை பிழைத்தாள். ஆனால் அந்த சாக்பீஸ் அவன் நெஞ்சிலேயே கோடு போட்டுவிட்டது.

மீனா வீட்டுக்கு வந்த பிறகு, நாங்கள் பயந்த மாதிரி இல்லை. சாப்பிடுவதற்கு முன்னால் விரலில் குத்தி மெஷினில் பார்ப்பாள், இன்சுலின் பேனாவைத் திருகி வயிற்றில் போட்டுக்கொள்வாள், சட்டையை இறக்கி விட்டுத் தட்டை எடுத்து உட்காருவாள். பள்ளிக்கூடத்தில் கோ-கோ டீமில் இருக்கிறாள். சர்க்கரை இறங்கினால் கை நடுங்குமாம், பையில் குளுக்கோஸ் பாக்கெட் வைத்திருப்பாள். அவளைப் பார்த்துப் பரிதாபப்பட வந்த சொந்தக்காரர்கள் அவளிடமே பேச்சு வாங்கிக்கொண்டு போனார்கள்.

இனிமேல்தான் விஷயம். அவளுக்குத் தொடர்ந்து பார்க்கிற சர்க்கரை டாக்டரம்மா விளாங்குடியில் இருக்கிறார். ஒருமுறை போயிருந்தபோது, "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? அவங்க ரத்தத்தையும் பார்த்துடலாம்" என்றார். மீனாவுக்கு விக்ரம் என்று ஒரு தம்பி. ரெண்டாவது படிக்கிறான், நிற்க நேரமில்லாமல் ஓடுகிறவன். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்த அன்றைக்கு நானும் கூடப் போனேன். அழகுமலை ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் அவனுக்குக் காது கேட்காது, யாராவது கேட்டுச் சொல்ல வேண்டும்.

டாக்டரம்மா பொறுமைசாலி. ஒரு தாளில் கணையத்தைப் படமாகப் போட்டு, அதற்குள் புள்ளி புள்ளியாக வைத்தார். "இதெல்லாம் சின்னச் சின்னத் திட்டு, லட்சக்கணக்குல இருக்கு. இதுக்குள்ளதான் இன்சுலின் சுரக்குது. நம்ம ரத்தத்துல கிருமியை அடிக்கிறதுக்குன்னு காவல் அணுக்கள் இருக்கு இல்லையா, சில பிள்ளைகளுக்கு அந்தக் காவல் அணுக்களே இந்தத் திட்டை எதிரின்னு நினைச்சிடுது. ஏன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியல. முதல்ல கொஞ்சம் வந்து ஓரமா நிக்கும். அப்புறம் உள்ள போகும். போயி மத்ததையும் கூப்பிடும். எல்லாத் திட்டும் ஒரே நேரத்துல போறதில்ல. ஒரு திட்டு அழிஞ்சுக்கிட்டிருக்கும், பக்கத்துத் திட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி வேலை பார்த்துக்கிட்டிருக்கும். அதனாலதான் விக்ரமுக்கு இன்னிக்கு சர்க்கரை சரியா இருக்கு. ஆனா இது ஆரம்பிச்சதுக்கு ரத்தத்துல ரெண்டு அடையாளம் தெரியுது. ஒண்ணு மட்டும்னா இருக்கட்டும்னு விடுவேன். ரெண்டுன்னா ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம்."

அழகுமலை அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான். "இப்ப அவிங்க வாசல்ல நிக்கிறாய்ங்களா, உள்ள போயிட்டாய்ங்களா டாக்டர்?"

நான் சிரித்திருப்பேன், அவன் முகத்தைப் பார்த்ததால் சிரிக்கவில்லை. டாக்டரம்மாவும் சிரிக்கவில்லை. "தெரியாது. ஓடியாடுற பிள்ளையோட கணையத்தைத் திறந்தா பார்க்க முடியும்?" என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்கு, அடுத்த வருஷமும் வரலாம், காலேஜ் போகிற வயசிலும் வரலாம், சிலருக்கு இன்னும் இழுத்துக்கொண்டே போகலாம் என்றார். நிறுத்த மருந்து இல்லை. வெளிநாட்டில் கொஞ்ச காலம் தள்ளிப்போடுகிற மருந்து ஒன்று இருக்கிறது, அதுவும் இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறவர்களுக்கு, நமக்கு இப்போது கைக்கு எட்டாது என்றார். "மாசம் ஒரு தடவை விரல்ல குத்திப் பாருங்க. தாகம், அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, மெலியுறது, இதுல எது வந்தாலும் அன்னிக்கே வாங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா மீனா மாதிரி மயங்கி விழுற வரைக்கும் போகாது. மத்தபடி பிள்ளையைப் பிள்ளையா இருக்க விடுங்க."

கடைசியாகச் சொன்ன வாக்கியம் அழகுமலை காதில் ஏறவில்லை.

விக்ரமிடம் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று ஜெயக்கொடி முடிவெடுத்தாள். தினமும் குத்திப் பார்க்கலாம் என்று அழகுமலை சொன்னதற்கு, "புள்ள விரல சல்லடையாக்கவா? டாக்டர் மாசம் ஒருக்கான்னுதான சொன்னாங்க" என்று மெஷினை மீனாவின் பைக்குள் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டாள். மெஷின் கிடைக்காமல்தான் அவன் எறும்புக்குப் போனான். போன தடவை அது வந்து சொன்னபோது நாம்தானே கொன்றோம், இந்தத் தடவை அது பாட்டுக்கு வரட்டும், வந்து சொல்லட்டும் என்பது அவன் கணக்கு. அப்படித்தான் எங்கள் பாத்ரூமில் எறும்புக்கு அந்தச் சலுகை வந்தது. காரணம் அவன், ஜெயக்கொடி, நான், மாயக்காள் நாலு பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நாலு சுவருக்கு ஒரே கூரை போட்ட வீட்டில் மீனாவுக்குத் தெரியாமல் இருக்குமா என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

எறும்போடு நிற்கவில்லை. விக்ரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அழகுமலை அவன் வாட்டர் பாட்டிலைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பான். காலியாக இருந்தால் முகம் செத்துவிடும். "முழுசையும் நீயா குடிச்ச? யாருக்கும் குடுத்தியா?" என்று நாலு தடவை கேட்பான். என் பட்டறைக்குப் பக்கத்தில் காயலாங்கடை இருக்கிறது. பழைய இரும்பு நிறுக்கிற தராசில் பிள்ளையை ஏற்றி நிறுத்துவான். காயலாங்கடைக்காரர், "என்னப்பா, பையனைப் போடுறியா, பேரீச்சம்பழம் தரட்டுமா?" என்பார். விக்ரம் விழுந்து விழுந்து சிரிப்பான். அவன் அப்பன் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பான்.

பிள்ளைக்கு ஒன்றும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு அழகர்கோவிலில் விக்ரமுக்கு மொட்டை போட்டான். மொட்டை போட்டால் யாருக்கும் முகம் சின்னதாகத்தானே தெரியும்? மலையடிவாரத்திலேயே பிள்ளையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, மெலிஞ்சுட்டான் பாருங்கண்ணே" என்று கண் கலங்க ஆரம்பித்துவிட்டான். "முடி போயிருக்குடா கிறுக்குப் பயலே, பிள்ளை அப்படியேதான் இருக்கான்" என்று நான் கத்தினேன். அத்தனை பேர் நடுவில் அவன் முந்தியில் முகத்தைத் துடைக்கிற பொம்பளை மாதிரித் துண்டில் முகத்தை மூடிக்கொண்டான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பாவமாகவும் இருந்தது. விக்ரம் அப்பனையே பார்த்துக்கொண்டு நின்றான். கையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில் இருந்தது. அதை மெதுவாக மூடி என்னிடம் நீட்டினான்.

எனக்கு அதெல்லாம் அன்றைக்குப் புரியவில்லை. நான் என்னைப் பற்றிய சந்தோஷத்தில் இருந்தேன். பத்து வருஷமாகச் சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டிருந்த வயிறு அந்த வருஷம் தானாக இறங்கியிருந்தது. டீக்கடையில் சீனி தூக்கலாகப் போடச் சொல்லிக் குடிக்கிற ஆள் நான். "எம்புட்டுத் தின்னாலும் உடம்புல ஒட்டல பாத்தியா, ஒழைக்கிற ஒடம்பு" என்று மாயக்காளிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அழகுமலை பாத்ரூமிலிருந்து வெளியே வந்தான். கையில் விளக்கமாறு இல்லை.

"அண்ணே, வந்துருச்சுண்ணே."

போய்ப் பார்த்தேன். ஓட்டையிலிருந்து சுவர் மூலை வரைக்கும் கறுப்பு எறும்பு கோடு பிடித்துப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மூலையில் மொய்த்துக் கிடந்தது. எனக்கும் மீனா கிடந்த கிடப்பு கண் முன்னால் வந்தது.

அழகுமலை தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அள்ளித் தூக்கினான். ஜெயக்கொடி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். மெஷினை எடுத்தான், பதற்றத்தில் ஊசியைக் கீழே போட்டான். மீனாதான் தம்பியின் விரலைப் பிடித்துக் குத்தினாள். தொண்ணூற்றாறு. "இன்னொரு வெரல்ல பாரு" என்றான். அதிலும் தொண்ணூற்றுச் சொச்சம்தான்.

"நல்லாத்தான இருக்கு?" என்றாள் ஜெயக்கொடி.

"மெசினு பொய் சொல்லும். எறும்பு பொய் சொல்லாது. போன தடவ அதுதான் உண்மையச் சொல்லுச்சு, நம்மதான் கேக்கல. கெளம்பு."

மீனா மெஷினைத் துடைத்து அதன் உறைக்குள் வைத்தாள். அந்த மெஷின் சொல்கிறதை நம்பித்தான் அவள் ஒவ்வொரு வேளையும் சாப்பிடுகிறாள். அப்பனை ஒரு பார்வை பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வரச் சொன்னார் டாக்டரம்மா. ஷேர் ஆட்டோவில் ஜெயக்கொடி, விக்ரம், நான். மீனாவை மாயக்காளிடம் விட்டோம். வில்லாபுரத்தில் ஆட்கள் கை காட்டினார்கள். இடம் இருந்தும் வண்டி நிற்காமல் போனால் மதுரையில் என்ன பேச்சுக் கிடைக்குமோ அத்தனையும் கிடைத்தது. அழகுமலைக்குக் காது ஏற்கெனவே அடைத்துவிட்டது. பாட்டும் போடவில்லை. ஒருமுறை மட்டும் திரும்பாமலே, "உள்ள போயிட்டாய்ங்கண்ணே" என்றான்.  பிள்ளை என் மடியில் இருந்தான். உதடு வெடித்துக் கிடந்தது. அதையும் பார்த்தேன், நோயால்தான் என்று நினைத்தேன்.

விளாங்குடியில் இறங்கியதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. டென்ஷன் வேறு. வாசலில் இருந்த கடையில் ரோஸ் மில்க் வாங்கிக் குடித்தேன். போதாமல் இன்னொன்று வாங்கினேன். விக்ரமிடம் நீட்டினேன். அவன் பாட்டிலைப் பார்த்தான், எச்சில் விழுங்கினான், அப்பா நிற்கிற பக்கம் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினான்.

உள்ளே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை சரி. மூன்று மாதத்துச் சராசரியும் சரி. ஒண்ணுக்குப் பிடித்து வரச் சொன்னார்கள். பிள்ளைக்கு வரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்துக் கொஞ்சமாக வந்தது, டீ டிக்காஷன் நிறத்தில். அதில் சர்க்கரை துளியும் இல்லை. டாக்டரம்மா விக்ரமைப் பக்கத்தில் கூப்பிட்டு நாக்கை நீட்டச் சொன்னார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்பக் கண்ணு தண்ணி குடிச்ச?"

விக்ரம் அம்மாவைப் பார்த்தான்.

"இன்னிக்குக் குடிச்சியா? நேத்து?"

விக்ரம் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். அவளிடம் மட்டும் சொல்வதாக நினைத்துச் சொன்னான், எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

"தண்ணி குடிச்சா அப்பா அழுவுறாரும்மா."

ஜெயக்கொடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கேட்கக் கேட்க மெதுவாக எல்லாம் வந்தது. பாட்டில் தண்ணீரைப் பள்ளிக்கூடத்திலேயே பாதி கீழே கொட்டிவிட்டு, மீதியை அப்படியே கொண்டுவருவானாம். கொட்டியது யாருக்கும் தெரியக் கூடாது என்று வேப்பமரத்து மூட்டில் ஊற்றுவானாம். காலியாக இருந்தாலும் தப்பு, குறையாமல் இருந்தாலும் அப்பா கேட்பார் என்று அந்தப் பிஞ்சு கணக்குப் போட்டிருக்கிறது. ஒண்ணுக்கு வந்தால் அப்பா வண்டி எடுத்துப் போகிற வரைக்கும் அடக்கிக்கொள்வானாம்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அன்னிக்கு என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க, வாசல்ல நிக்குதா, உள்ள போயிடுச்சான்னு. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். இப்பவும் தெரியாது. அது முழுசா உள்ள போன அன்னிக்கு, 'எனக்குத் தாகமா இருக்கு'ன்னு இந்தப் பிள்ளை வாயைத் திறந்து சொல்லணும். உங்களுக்கு வீட்டுல இருக்கிற பெரிய அடையாளம் அதுதான். அந்த வாயை நீங்களே அடைச்சு வெச்சிருக்கீங்களே."

அழகுமலை நின்றுகொண்டே இருந்தான். "அன்னைக்கு சாக்பீஸ் போட்டேன்" என்றான். "இன்னைக்கு இது."  எனக்கு அவன் தோளைத் தொடக்கூடத் தோன்றவில்லை. எத்தனை தடவை அவனைக் கிறுக்கன் என்று கேலி பேசியிருக்கிறேன், ஒரு தடவையாவது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேனா என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அழகுமலை கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டான். "ஆனா எறும்பு வந்தது நெசந்தான டாக்டர். அண்ணனும் பாத்தாரு."

"அந்த பாத்ரூமை யார் யார் பயன்படுத்துறீங்க?"

"நாலு வீட்டுக்கும் அதுதான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் கையில் அதற்குள் மூன்றாவது ரோஸ் மில்க் இருந்தது. தொளதொளவென்று இருந்த என் சட்டையைப் பார்த்தார். "நீங்க ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?" என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜெயக்கொடி சொல்லிவிட்டாள், "அண்ணன் போற செருப்புச் சத்தத்துலதான் எனக்கு முழிப்பே தட்டும் டாக்டர்." விரலை நீட்டச் சொன்னார்கள். முந்நூற்று இருபது. அந்த ரோஸ் மில்க்கைக் குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என்னுடையது பிள்ளைகளுக்கு வருகிற வகை இல்லையாம், வயசாளிகளுக்கு வருகிற சாதாரண வகையாம். சாதாரணம் என்று சொன்னால் மாயக்காள் விடுவாளா?

சாயங்காலம் காம்பவுண்டு நடுவில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மாயக்காள் என்னை வைது முடித்து, களைத்து, மறுபடி ஆரம்பித்திருந்தாள். அழகுமலை ரொம்ப நாளுக்குப் பிறகு சிரித்தான். "அக்கா, ஒரு வருசமா நான் காவல் இருந்தது பூராம் உங்க வீட்டு எறும்புக்குத்தான்" என்றான். காலையில் பட்ட அடி ஒருபக்கம் இருந்தாலும், பிள்ளைக்கு இன்னும் வரவில்லை என்பது அவனைத் தூக்கி வைத்திருந்தது. கையெடுத்து வடக்கே அழகர்மலைப் பக்கம் கும்பிட்டான். "எம்புள்ள தப்பிச்சான்க்கா. மீனா மாதிரி ஆகாம அந்தச் சாமிதான் காப்பாத்திருச்சு."

மீனா வாசல்படியில் உட்கார்ந்து இன்சுலின் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாள். திருகுவதை நிறுத்தினாள்.

"அவன் தப்பிச்சான்னா, நான் என்னப்பா மாட்டிக்கிட்டேனா?"

குரலை உயர்த்தவே இல்லை. அழகுமலை திரும்பிப் பார்த்தான்.

"அப்படிச் சொல்லலடா..."

"அப்படித்தான்ப்பா சொல்றீங்க. ஒரு வருசமாச் சொல்றீங்க. நீங்களும் பெரியப்பாவும் பேசுறது எல்லாம் எனக்குக் கேக்கும். என்னைய மாதிரி ஆயிரக் கூடாது, என்னைய மாதிரி ஆயிரக் கூடாதுன்னு. நான் உங்க முன்னாடிதான இருக்கேன். ஸ்கூலுக்குப் போறேன், வெளாடுறேன், சண்ட போடுறேன், சாப்புடுறேன். என்னைய மாதிரி ஆகுறது அம்புட்டுக் கேவலமாப்பா?"

 மாயக்காள்கூட என்னை விட்டுவிட்டாள்.  அழகுமலை மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வருஷமாகத் தரையையும் பாட்டிலையும் தராசு முள்ளையும் பார்த்த கண். நேராக அந்தப் பிள்ளையை அது பார்த்து எத்தனை நாளாயிற்றோ. அவள் கன்னம் திரண்டு, தோள் அகன்று, அவனையே கேள்வி கேட்கிற அளவுக்கு வளர்ந்திருந்தாள்.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஊசியைப் போட்டுக்கொண்டாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஜெயக்கொடி தடுக்க எழுந்தாள், மாயக்காள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், எனக்கு இருக்குல்ல, அது ஒனக்கும் வரலாம். எப்ப வரும்னு டாக்டருக்கே தெரியாது. ரொம்ப வருசம் கழிச்சும் வரலாம். வந்துச்சுன்னா ஊசி போடணும். கொஞ்சூண்டு வலிக்கும். நான் போட்டு விடுறேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான். பழகிரும். ஒனக்குத் தாகமா இருந்தா குடி. குடிச்சிட்டு எங்கிட்ட சொல்லு. நான் அழுக மாட்டேன்."

விக்ரம் அப்பனை ஓரக்கண்ணால் பார்த்தான். பிறகு அக்காவிடம் சொன்னான், "இப்பத் தாகமா இருக்கு."

எங்கள் எல்லாருக்கும் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. காலையில்தான் எல்லாம் சரி என்று பார்த்துவிட்டு வந்தோம், பிள்ளை பல நாளாகக் காய்ந்து கிடந்தவன், தாகம் எடுக்காமல் என்ன செய்யும்? அது தெரிந்தும் பயம் வந்தது. இனி அவன் ஒவ்வொரு தடவை தண்ணீர் கேட்கும்போதும் வரத்தான் போகிறது.

மீனா செம்பில் மொண்டு கொடுத்தாள். கண்ணை அப்பன் மேல் வைத்துக்கொண்டே குடித்தான். அழகுமலை உட்கார்ந்த இடத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். செம்பு காலியானது. "இன்னும்" என்றான் விக்ரம்.

அழகுமலை எழுந்தான். செம்பைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கினான். குடத்துக்குப் போகவில்லை, மகள் முன்னால் வந்து நின்றான். 

"குடுக்கலாம்லடா மீனா?" என்று அவளிடம் கேட்டான்.

"குடுங்கப்பா. நெறையா குடுங்க" என்றாள் மீனா.